தேதியும் கணமும்: தரவுத்தளங்கள் காலத்தைச் சேமிக்கும் விதம்

2006 நவம்பரில் ஒரு நாள் டொராண்டோவிலிருந்து அத்தை தொலைபேசினார். "என்னடா தம்பி, உங்கப்பா நெனவு நாளு இருவதாம் தேதிதானே? உன் மெயில் பத்தொம்பதுன்னு வந்துது. நான் காலண்டர்ல இருவதுன்னுதான் குறிச்சு வச்சிருந்தேன். கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதுன்னு நேத்தே படையல் போட்டு வெளக்கேத்திட்டேன்" என்றார்.

அப்பா காலமானது 2003 நவம்பர் 20, கும்பகோணத்தில். திதி பார்த்துச் செய்ய வேண்டியதெல்லாம் ஊரில் அம்மாவின் பொறுப்பு. வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்பதால், அவரவர் இருக்கும் ஊரில் நவம்பர் 20 அன்று விளக்கேற்றுவது என்று பேசி வைத்திருந்தோம். குடும்பத்தின் பிறந்த நாட்கள், நினைவு நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தரவுத்தளத்தில் போட்டு, அந்தந்த நாளில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றை நான்தான் எழுதியிருந்தேன். சிங்கப்பூரில் என் திரையில் 20 என்றே தெரிந்தது. கும்பகோணத்தில் 20. சிட்னியில் இருக்கும் தம்பிக்கும் 20. டொராண்டோவில் மட்டும் 19.

தவறு முழுக்க என்னுடையது. அதைத் தேடிப் போனபோது, பிழைப்புக்காகப் பல வருஷம் தரவுத்தளங்களோடு பழகியும், தேதி என்றால் என்ன என்று ஒருமுறைகூட நான் யோசித்ததில்லை என்பது புரிந்தது. வாசகர்களில் கணினித் துறையினர் பலர் இருப்பீர்கள். சில பகுதிகள் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

எழுத்தாக எழுதி வைத்தல்

ஒரு தேதியைச் சேமிக்க மிகச் சுலபமான வழி, நாம் காகிதத்தில் எழுதுகிற மாதிரியே எழுத்துக்களாக வைத்துவிடுவது. 03/04/2005 என்று எழுதினால் ஆயிற்று. சிக்கல் உடனே தொடங்கிவிடும். சென்னையில் அது ஏப்ரல் 3. நியூ ஜெர்சியில் மார்ச் 4. எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று அந்த எழுத்துக்களில் எங்கும் இல்லை.

இரண்டாவது சிக்கல் வரிசை. கணினி எழுத்துக்களை அகராதி போல இடமிருந்து வலமாக ஒப்பிடும். 05/12/2004, 10/01/2003 இரண்டையும் கொடுத்தால் 0 முதலில், 1 பிறகு என்று 2004ஐ 2003க்கு முன்னால் வைக்கும். 1988இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் இதற்கு எளிய வழி சொன்னது. பெரியதிலிருந்து சிறியதற்குப் போ: வருஷம், மாதம், நாள். 2003-11-20. இப்படி எழுதினால் அகராதி வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது சிக்கல் உலகப் பிரசித்தம். சேமிப்பிடம் தங்கத்தின் விலைக்கு விற்ற காலத்தில் வருஷத்தை இரண்டே இலக்கங்களில் எழுதினார்கள். 2000 பிறந்தபோது 00 என்பது 1900ஆ 2000ஆ என்று தெரியாமல் விழித்ததுதான் ஒய்2கே. நம்மில் பலரை விமானம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிய புண்ணியமும் அதற்கு உண்டு.

ஆனால் இந்தத் தவறு கோபால் மொழிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. நம் அறுபது வருஷச் சக்கரமும் அதே கதைதான். பாட்டி ஒருவர் "தாது வருஷம்" என்று சொன்னால் அது 1876, 1936, 1996 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சம் என்று நாம் புரிந்துகொள்வது, பஞ்சம் என்ற சொல் கூட வருவதால். சொல்பவரின் வயதும் சூழலும் தெரிந்தவரை சக்கரம் போதும். ஓலையும் கடிதமும் மட்டும் மிஞ்சி, எழுதியவர் போய்விட்டால், எந்தச் சுற்று என்று சொல்ல ஆளில்லை. இரண்டு இலக்க வருஷம் நூறு வருஷத்துக்கு ஒருமுறை குழப்பும். நம்முடையது அறுபதுக்கு ஒருமுறை.

எண்ணாக எழுதி வைத்தல்

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் மாற்று, ஏதாவது ஒரு நாளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, அந்த ஒற்றை எண்ணை மட்டும் சேமிப்பது. வருஷம், மாதம், லீப் வருஷம் எல்லாம் காட்டும்போது கணக்குப் போட்டுக்கொண்டால் போதும். இரண்டு தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் என்பது வெறும் கழித்தல்.

இந்த யோசனையும் பழையதுதான். இந்திய வானவியலில் இதற்கு அகர்கணம் என்று பெயர்: கலியுகம் தொடங்கியதிலிருந்து எண்ணிய நாட்கள். தென்னார்க்காட்டுப் பகுதியில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில், முதலாம் பராந்தக சோழனின் 36ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இந்த எண்ணைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறது. கலி நாள் 14,77,037. இன்றைய ஆய்வாளர் கணக்கில் அது கி.பி. 943 ஜனவரி 14, சனிக்கிழமை. ஆட்சியாண்டை மட்டும் வைத்துக்கொண்டு நாளைத் தேடுவதற்குப் பட்டம் ஏற்ற தேதி முதற்கொண்டு பல விஷயங்களில் சண்டை போட வேண்டும். இந்த ஒற்றை எண்ணோ ஆயிரம் வருஷம் கழித்தும் கிழமை பிசகாமல் நிற்கிறது.

தரவுத்தளங்கள் செய்வதும் இதையேதான். ஆளுக்கொரு கலியுகம் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்துக்குத் தொடக்கம் 2000 ஜனவரி 1. அப்பாவின் நாள் அதற்கு 1,419. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் பழைய டேட்டைம் வகைக்குத் தொடக்கம் 1900 ஜனவரி 1. அங்கே அதே நாள் 37,943. எக்செல்லில் 37,945. எக்செல்லில் ஏன் இரண்டு கூடுதல்? ஒன்று, அது 1900 ஜனவரி 1ஐப் பூஜ்யம் என்று எண்ணாமல் 1 என்று எண்ணுகிறது. மற்றொன்று, 1900ஐ லீப் வருஷமாகக் கருதி, இல்லாத பிப்ரவரி 29 ஒன்றைக் கணக்கில் சேர்த்துவிட்டது. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருளின் பிழை அது. பழைய கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படியே சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துக் கல்வெட்டின் எண்ணிக்கையை நீட்டினால் அதே நாள் 18,64,499.

ஆரக்கிள் மட்டும் வேறு வழி போகிறது. அதன் டேட் என்பது ஏழு பைட். நூற்றாண்டு, வருஷம், மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட். முதல் இரண்டோடு 100ஐயும் கடைசி மூன்றோடு 1ஐயும் கூட்டி வைக்கும். 2003 நவம்பர் 20 காலை 3:40 என்பது அதனுள்ளே 120, 103, 11, 20, 4, 41, 1. ஆரக்கிளில் டேட் என்று பெயர் வைத்தாலும் உள்ளே மணியும் உண்டு என்பதைக் கவனியுங்கள். நாள் மட்டும் கொடுத்தால் நள்ளிரவு 12 மணி என்று அதுவே நிரப்பிக்கொள்ளும். இந்த நள்ளிரவைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நாள் போதாது, வினாடியும் வேண்டும் என்கிறவர்களுக்கு யூனிக்ஸ் வழி. 1970 ஜனவரி 1 உலகப் பொது நேரம் நள்ளிரவிலிருந்து கழிந்த வினாடிகளின் எண்ணிக்கை. உலகப் பொது நேரத்தை யூ.டி.சி. என்பார்கள், கிரீனிச் நேரத்தின் இன்றைய வாரிசு. இந்த எண்ணைப் பலர் 32 பிட் இடத்தில் வைத்தார்கள். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 214,74,83,647. அந்த வினாடி 2038 ஜனவரி 19, யூ.டி.சி. 3:14:07, இந்திய நேரம் காலை 8:44:07. அடுத்த வினாடியில் எண் கவிழ்ந்து 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கணினிகள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் என்ற வகை இன்றும் அந்த 2038 வேலிக்குள்தான் இருக்கிறது. முப்பது வருஷக் கடன் கணக்கு வைத்திருக்கும் வங்கிகளுக்கு 2038 ஏற்கனவே வந்துவிட்டது.

எண்ணுக்குத் தொடக்கம் இருப்பதுபோல் வேலியும் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் 1753 ஜனவரி 1க்கு முந்தைய எதையும் ஏற்காது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பரில் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டன. அங்கே செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14. அந்த வம்பே வேண்டாம் என்று அடுத்த வருஷத்திலிருந்து தொடங்கினார்கள். நமக்கு இதனால் என்ன நஷ்டம்? ஆனந்தரங்கம் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இல் தொடங்குகிறது. அதன் முதல் பதினாறு வருஷங்களை அந்தப் பெட்டியில் போடவே முடியாது. போட முடிந்தாலும் எந்தத் தேதியைப் போடுவது? பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது புதுச்சேரிக் கணக்கில் 1746 செப்டம்பர் 21. கோட்டையை ஒப்படைத்த ஆங்கிலேயரின் கணக்கில் அதே நாள் செப்டம்பர் 10. 2008இல் வந்த டேட்டைம்2 என்ற வகை கி.பி. 1 வரை போகிறது. ஆனாலும் யாருடைய நாட்காட்டி என்று அதுவும் கேட்பதில்லை.

கணம் வேறு, தேதி வேறு

இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

யூனிக்ஸ் எண் 123,45,67,890 என்று வந்த வினாடியைக் கணினிக்காரர்கள் கொண்டாடினார்கள். யூ.டி.சி. கணக்கில் அது 2009 பிப்ரவரி 13 இரவு 11:31:30. டொராண்டோவில் அப்போது வெள்ளிக்கிழமை மாலை 6:31. சென்னையில் சனிக்கிழமை காலை 5:01, பிப்ரவரி 14. கணம் ஒன்றுதான், உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. தேதிதான் ஊருக்கு ஊர் வேறு.

இன்னொரு வகை இருக்கிறது. பொங்கலோ பிறந்த நாளோ ஒரு கணம் கிடையாது. சிட்னியில் தொடங்கி, சிங்கப்பூர், கும்பகோணம், லண்டன் என்று வந்து டொராண்டோவில் முடியும். நவம்பர் 20 என்றால் அவரவர் ஊரில் 20 என்று காலண்டர் காட்டும்போது. அதற்கு வினாடியும் கிடையாது, வலயமும் கிடையாது.

நான் செய்தது என்ன? நினைவு நாளைக் கணமாகச் சேமித்தேன். 2003 நவம்பர் 20 என்று கொடுத்ததும், நான் கேட்காமலே நள்ளிரவு 12 மணி என்று சேர்ந்துகொண்டது. உறவினர் பலர் ஊரில் என்பதால் நிரலின் வலயத்தை இந்தியா என்று வைத்திருந்தேன். இந்திய நள்ளிரவு யூ.டி.சி. கணக்கில் நவம்பர் 19 மாலை 6:30. உள்ளே போனது அதுதான். வெளியே எடுக்கும்போது ஒவ்வொருவரின் வலயத்துக்கும் மாற்றிக் காட்டியது: சிங்கப்பூரில் 20ஆம் தேதி அதிகாலை 2:30, சிட்னியில் 20ஆம் தேதி காலை 5:30, டொராண்டோவில் 19ஆம் தேதி பிற்பகல் 1:30. திரையில் நான் மணியைக் காட்டாமல் தேதியை மட்டும் காட்டியதால் யாருக்கும் காரணம் புலப்படவில்லை. இந்தியாவுக்குக் கிழக்கே உட்கார்ந்து எழுதியவனுக்குக் கண்ணில் படாத பிழை; மேற்கே இருந்த அத்தைக்குப் பட்டது.

தரவுத்தளங்கள் இரண்டு வகைக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருக்கின்றன. பெயர்கள்தான் குழப்பும். மைஎஸ்க்யூஎல்லில் டேட் என்பது நாள் மட்டும், மணியே கிடையாது. டேட்டைம் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருக்கும். டைம்ஸ்டாம்ப் உள்ளே போகும்போது யூ.டி.சி.க்கு மாற்றும், எடுக்கும்போது கேட்பவரின் வலயத்துக்கு மாற்றிக் கொடுக்கும். போஸ்ட்கிரஸில் "நேர வலயத்துடன் கூடிய டைம்ஸ்டாம்ப்" என்று ஒரு வகை. பெயரைப் பார்த்து வலயத்தை நினைவில் வைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. யூ.டி.சி.க்கு மாற்றிக்கொண்டு, நீங்கள் சொன்ன வலயத்தை அங்கேயே மறந்துவிடும்.

ஊருக்கு ஊர் மணி

வலயம் என்றால் இந்தியாவுக்கு ஐந்தரை மணி, சிங்கப்பூருக்கு எட்டு மணி என்று ஒரு எண்ணை எழுதி வைத்தால் போதாதா? போதாது. அந்த எண்ணுக்கும் வரலாறு உண்டு.

1981 டிசம்பர் 31 இரவு 11:30க்கு சிங்கப்பூர் தன் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி நேரே 1982க்குள் போயிற்று. அதுவரை யூ.டி.சி.யைவிட ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. ஆகவே அன்றிரவு 11:45 என்று ஒரு நேரம் சிங்கப்பூரில் இல்லவே இல்லை. ஜாதகம் கணிப்பவர்கள் கவனிக்க.

இலங்கை 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு ஆறரை மணிக்குப் போய், அக்டோபரில் ஆறு மணிக்கு வந்து, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பியது. இடைப்பட்ட அந்தப் பத்து வருஷங்களில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் அரை மணி வித்தியாசத்தில் இரண்டு நேரங்கள். அக்காலத்து வன்னியில் "காலை 10 மணி" என்று குறித்த ஒரு நாட்குறிப்பும், கொழும்பில் "காலை 10:30" என்று குறித்த ஒன்றும் ஒரே கணத்தைச் சொல்லக்கூடும்.

உலகத்தின் இப்படிப்பட்ட மாற்றங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் ஒரு பொதுத் தொகுப்பு இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் 1980களில் தொடங்கி வைத்தது, தன்னார்வலர்கள் வளர்த்தது, 2011 முதல் இணைய முகவரி எண்களை நிர்வகிக்கும் ஐயானாவின் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசி உட்பட ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. 2011இல் ஓர் அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம், தங்கள் தரவை எடுத்துக்கொண்டதாக இதன்மேல் வழக்குப் போட்டு, மறு வருஷம் திரும்பப் பெற்றது. பழைய ஊர் நேரங்களில் சோதிடர்களுக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கு இருக்கும்?

இந்தத் தொகுப்பில் வலயங்களுக்கு ஊர்ப் பெயர்தான்: ஆசியா/கொல்கத்தா, ஆசியா/கொழும்பு, அமெரிக்கா/டொராண்டோ. ஆசியா/கொல்கத்தாவில் 1900ஆம் வருஷத்து நேரத்தைக் கேட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி வராது. 5 மணி 21 நிமிடம் 10 வினாடி என்று வரும். அது மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தை வைத்துக் கணித்து, இந்திய ரயில்கள் ஓடிய நேரம். 1906இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது அது போயிற்று. கணினிக்குள் கொல்கத்தாவின் பெயரில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வன்னியின் அரை மணிக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. ஆசியா/கொழும்பு என்ற ஒரே பதிவுதான். அது கொழும்பு அரசின் கடிகாரத்தை மட்டுமே அறியும்.

எதிர்காலத்து மணி

எல்லாவற்றையும் யூ.டி.சி.யில் சேமித்துவிடு, தொல்லை தீரும் என்று துறையில் ஒரு வேதவாக்கு உண்டு. நடந்து முடிந்தவற்றுக்குப் பெரும்பாலும் சரி. இனி நடக்கப் போவதற்குச் சரியல்ல.

2006இல் ஒருவர், 2007 மார்ச் 20 காலை 10 மணிக்கு டொராண்டோவில் இலக்கியக் கூட்டம் என்று குறித்து வைத்திருந்தால், அன்றைய விதிப்படி அது யூ.டி.சி. பிற்பகல் 3 மணி. ஆனால் 2007 முதல் அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் கோடை நேரத்தை ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு நகர்த்திவிட்டன. யூ.டி.சி.யில் சேமித்த நிரல் இப்போது கூட்டத்தைக் காலை 11 மணி என்று காட்டும். மண்டபம் கொடுத்தவர் 10 மணிக்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அரசாங்கங்கள் நேரத்தை மாற்றுவதற்கு நம்மைக் கேட்பதில்லை. சமோவா 2011 டிசம்பர் 29க்கு அடுத்த நாளை 31 என்று அறிவித்து ஒரு நாளையே விழுங்கிவிட்டது. ஆகவே எதிர்காலச் சந்திப்புக்கு, சுவர்க் கடிகாரம் காட்ட வேண்டிய மணியையும் ஊரின் பெயரையும் சேமிக்க வேண்டும். கணத்தை, அது நெருங்கும்போது கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நாள் எப்போது மாறுகிறது?

நள்ளிரவைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன்.

பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி. ஆங்கிலக் கணக்கில் அது 12ஆம் தேதி அதிகாலை. நூல்களிலும் விழாக்களிலும் நெடுங்காலமாக 11 என்றே வழங்கி வந்தது; 12 என்று திருத்துகிறவர்களும் உண்டு. நம் வழக்கில் நாள் விடியலில் தொடங்கி மறு விடியலில் முடிகிறது. சூரியன் உதிக்கும்வரை அது முந்தைய நாளின் இரவுதான். அப்படிப் பார்த்தால் 11 என்றவர்கள் தவறு செய்யவில்லை. வேறு எல்லையிலிருந்து எண்ணினார்கள். தரவுத்தளத்துக்கு இந்த எல்லை தெரியாது. அது ஒரே ஒரு எல்லையைத்தான் அறியும், நள்ளிரவு 12. இரண்டு தேதிகளையும் அறிந்த ஒரு பதிப்பாசிரியர் அந்த ஒற்றைக் கட்டத்தில் எதை நிரப்பினாலும் ஒரு செய்தி காணாமல் போகும்.

தெரியாத தேதிக்கும் இதே கதி. அப்பாவழிப் பாட்டி பிறந்தது "ஏதோ ஒரு ஆடி மாசம்". தரவுத்தளம் முழுத் தேதி கேட்டது. நான் ஜனவரி 1 என்று நிரப்பினேன். மறு வருஷம் ஜனவரி 1 அன்று உலகெங்கும் என் உறவினர்கள், பாட்டி பிறந்தே இராத நாளில் அவரை வாழ்த்தினார்கள். நம் பெரியவர்கள் பலருடைய கடவுச்சீட்டில் இருக்கும் பிறந்த நாளும், பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் சௌகரியம் பார்த்து எழுதியதுதானே. ஒருமுறை கட்டத்தில் ஏறிவிட்டால் ஊகமும் உண்மையும் ஒரே முகம் காட்டும். தெரியாததை வெற்றிடமாக விடுவதற்குத் தரவுத்தளத்தில் வழி இருக்கிறது. வருஷம் மட்டும் தெரியும், மாதம்வரை தெரியும், நாள்வரை தெரியும் என்று குறிக்கப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வைக்கலாம். செலவு ஒரு பைட்.

திருத்தியது

அத்தையின் தொலைபேசிக்குப் பிறகு அட்டவணையை மாற்றி எழுதினேன். பிறந்த நாள், நினைவு நாள் எல்லாம் மணியில்லாத, வலயமில்லாத வெறும் தேதி. எந்த ஊரில் நடந்தது என்பது தனிக் கட்டத்தில். மணி தெரிந்தால் அது இன்னொரு கட்டத்தில். எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதற்கு ஒரு கட்டம். அந்தத் தேதியில் எங்கள் ஊரில் என்ன வருஷம், என்ன மாதம் என்று அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுத்தில் வைக்க ஒரு கட்டம். நிரல் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், கட்டத்துக்குப் பெயர் வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது உலகத்துக்கெல்லாம் ஒரே சமயத்தில் நடந்ததா, அல்லது ஒவ்வொரு ஊரிலும் காலண்டர் பார்த்து வருவதா?

சரி செய்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். காலண்டரில் அவரே இருபது என்று குறித்து வைத்திருந்தும் ஏன் மின்னஞ்சலை நம்பினார் என்றும் கேட்டேன். அவர் சொன்னது நான் எதிர்பாராதது.

"நீ எனக்கு போன் பண்ணிச் சொன்னப்ப இங்க பத்தொம்பதாம் தேதி சாயங்காலம்டா. அண்ணன் போனது எனக்குப் பத்தொம்பதுதானே. அதைத்தான் உன் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லுதாக்கும்னு நெனச்சேன்."

அப்பா போனது இந்திய நேரம் அதிகாலை 3:40. யூனிக்ஸ் எண் 106,92,79,800. டொராண்டோவில் அப்போது 19ஆம் தேதி மாலை 5:10. என் நிரல் தவறான காரணத்துக்காகக் காட்டிய தேதி, அத்தையைப் பொறுத்தவரை தவறில்லை. "அப்ப உங்களுக்கு மட்டும் பத்தொம்பதுன்னே வச்சிடவா அத்தை?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "வேணாம்ப்பா, எல்லாரும் ஏத்துறப்பவே நானும் ஏத்துறேன்" என்றார்.

இப்போது அவருக்கும் 20ஆம் தேதிதான் மின்னஞ்சல் போகிறது. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கும் அவர் ஒரு விளக்கேற்றுகிறார் என்று அவருடைய மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை நான் எந்தக் கட்டத்திலும் குறிக்கவில்லை.